தணிக்கை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊராட்சியில் போன நிதியாண்டில் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டார் பழுதுக்கும் எவ்வளவு செலவானது என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டிருக்கிறீர்கள். "இன்னும் ஆடிட் முடியல, ரிப்போர்ட் வந்ததும் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். தணிக்கை அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்கலாமா, எங்கே போய்ப் பார்ப்பது என்பது நீங்கள் கேட்ட கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஊர்ப் பணம் எங்கே போனது என்று ஒரு சாதாரண வாக்காளர் கேட்டால், பதில் சொல்லியே தீர வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டா? உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்வதிலேயே என் பணிக்காலம் கழிந்தது. அந்த அனுபவத்தில் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

பார்க்கலாம், கடமையும் உண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 3-ஆவது பிரிவில் கிராம சபையின் வேலைகளைச் சொல்லும்போது, ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவதோடு முந்தைய ஆண்டுக் கணக்கின் தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் தருவதையும் சேர்த்துச் சொல்கிறது. கிராம சபை என்பது ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும். ஒப்புதல் தர வேண்டியவரிடமே "உங்களுக்குக் காட்ட முடியாது" என்று எந்த அலுவலரும் சொல்ல முடியாது. அடுத்து, 'தணிக்கை முடியவில்லை' என்ற காரணம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தகவலை மறுப்பதற்கான காரணங்கள் 8, 9 ஆகிய பிரிவுகளில் உள்ளன. தணிக்கை நிலுவை அவற்றில் இல்லை. பணம் செலவான அன்றைக்கே அதற்கான சீட்டும் பதிவும் உருவாகிவிட்டன. அவை அன்றிலிருந்தே உங்களுக்கு உரியவை.

அதனால் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான்: அறிக்கையின் பின்னால் அலையாதீர்கள், அந்த அறிக்கை எதைப் பார்த்து எழுதப்படுகிறதோ அந்தப் பதிவேடுகளைக் கேளுங்கள். தணிக்கை என்றால் யாரோ வந்து ஊரிலுள்ள விளக்குகளையெல்லாம் எண்ணிப் பார்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. தணிக்கையாளர் பெரும்பாலும் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்து, முன்னால் வைக்கப்படும் கேஷ் புக், செலவுச் சீட்டான வவுச்சர், தீர்மானப் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார். செலவுக்குத் தீர்மானம் இருக்கிறதா, விலைப்புள்ளி வாங்கப்பட்டதா, பில் தொகையும் வங்கியில் போன தொகையும் ஒன்றா, வாங்கிய பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார். குறை இருந்தால் தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபணை, எழுதுகிறார். ஐம்பது விளக்கு வாங்கியதாக பில்லும் தீர்மானமும் இருப்புப் பதிவும் சரியாக இருந்துவிட்டால், கம்பத்தில் முப்பதுதான் எரிகிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அது உங்களுக்குத்தான் தெரியும். காகிதம் அவரிடமும் கம்பம் உங்களிடமும் இருக்கும்வரை எந்தக் குறையும் வெளியே வராது. இரண்டையும் ஒருவரே பார்க்கும்போதுதான் கணக்கு பேசும்.

தடை எழுதிய பிறகு என்ன ஆகிறது என்பதும் ஊர் மக்களுக்குத் தெரிய வேண்டும். ஊராட்சி பதில் எழுதும். பதில் போதவில்லை என்றால் தடை நிலுவையில் நிற்கும். பல ஆண்டுத் தடைகள் சேர்ந்த பிறகு கூட்டமர்வு என்று ஒரு நாள் வைத்து, இரு தரப்பும் உட்கார்ந்து, ஆவணம் காட்டப்பட்டவற்றை நீக்குவார்கள். இழப்பு உறுதியானால் பொறுப்பானவரிடமிருந்து அந்தத் தொகையைத் தண்டத்தீர்வையாக வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது மெதுவாக நகரும். அதற்குள் தலைவரும் மாறிவிடுவார், செயலரும் மாறுதலில் போயிருப்பார். ஆகவே உங்கள் கைக்கு ஒரு தணிக்கை அறிக்கை கிடைத்தால், 'பதிவேடு தணிக்கைக்கு முன்வைக்கப்படவில்லை' என்ற வரிகளை முதலில் தேடுங்கள். என் கண்ணுக்கு, ஒரு அறிக்கையில் மிகவும் கவனிக்க வேண்டிய வரி அதுதான். அறிக்கையோடு நிற்காமல் 'நிலுவைத் தணிக்கைத் தடைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஊராட்சி அனுப்பிய பதில்' என்றும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது உங்கள் தெருவிளக்குக்கு வருவோம். 'தெருவிளக்குச் செலவு எவ்வளவு' என்று கேட்டால் ஒற்றை எண் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குறிப்பிட்ட நிதியாண்டில் தெருவிளக்குப் பொருள்கள் வாங்கியதற்கான வவுச்சர், கடையின் பில், விலைப்புள்ளிகள், அதற்கான ஊராட்சி மன்றத் தீர்மானத்தின் நகல், இருப்புப் பதிவேட்டின் அந்த ஆண்டுப் பக்கங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இருப்புப் பதிவேட்டில் எந்தத் தெருவுக்கு எத்தனை கொடுக்கப்பட்டது என்ற விவரம் இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு ஒரு மாலையில் தெருத் தெருவாக, கம்ப எண்ணைக் குறித்துக்கொண்டே நடந்து பாருங்கள். மோட்டார் பழுதுக்கும் அப்படியே. காயில் கட்டினோம் என்றால் எந்தக் கிணற்று மோட்டார், என்ன குதிரைத்திறன், எந்தத் தேதியில் கழற்றி எந்தத் தேதியில் மாட்டினார்கள் என்று பில்லில் தெரிய வேண்டும். அந்த நாள்களில் உங்கள் தெருவில் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது பெண்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள், டேங்க் ஆபரேட்டரும் சொல்வார். சாலை, வாய்க்கால் போன்ற கட்டுமான வேலையாக இருந்தால் எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் ஆகிய மூன்றையும் கேளுங்கள். எம்-புக் என்பது பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகம். நீளம், அகலம், கனம் அதில் இருக்கும். டேப் வைத்து யாரும் சரிபார்க்கலாம்.

ஊராட்சியின் பணம் ஒரே பையில் இருப்பதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். பொது நிதி தனி, மின் கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் ஒதுக்கியது தனி, திட்ட நிதி தனி என்று கணக்குகளைப் பிரித்து வைப்பது நம் மாநில வழக்கம். ஒரு கணக்கின் விவரத்தை மட்டும் கொடுத்துவிட்டு 'அவ்வளவுதான் செலவு' என்று சொல்ல இடம் தராதீர்கள். 'ஊராட்சியின் எல்லா வங்கிக் கணக்குகளிலிருந்தும்' என்ற சொற்கள் நீங்கள் எழுதும் தகவல் உரிமை மனுவில் இருக்கட்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதுவது எளிது. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதலாம். பத்து ரூபாய் கட்டணம், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது. ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரின் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, 6(2) அதைத் தெளிவாக்கிவிட்டது. 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டால் நகல் கட்டணம் வாங்காமலே தர வேண்டும், இது 7(6). பலருக்குத் தெரியாததால் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மனுவில் 'ஏன்' என்ற சொல்லை எழுதாதீர்கள். 'ஏன் இவ்வளவு செலவு செய்தீர்கள்' என்று கேட்டால் 'இது தகவல் அல்ல' என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள், சட்டப்படி அது சரியும்கூட. பதிவில் இருப்பதைத்தான் தர வேண்டும், புதிதாக விளக்கம் உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'ஏன்' என்பதைக் கிராம சபையில் கேளுங்கள், மனுவில் 'எது' என்று கேளுங்கள். பத்து ஆண்டுக் கணக்கை மொத்தமாகக் கேட்பதும் வேண்டாம். அலுவலகத்தின் உழைப்பை அளவுக்கு மீறித் திருப்பிவிடும் என்று 7(9)-ஐக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு கேட்ட வடிவத்தை மாற்றித் தரத்தான் இடம் கொடுக்கிறது, மறுக்க இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் வீண் வாதம் எதற்கு? ஒரு நிதியாண்டு, இரண்டு வகைச் செலவு என்று சுருக்குங்கள். அதோடு 2(ஜே) பிரிவின்படி பதிவேடுகளை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கணக்கு படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போய், தேவையான பக்கங்களைக் குறித்துக்கொண்டு, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி அவற்றின் நகலை மட்டும் வாங்கினால் செலவும் குறையும். நேரில் புத்தகத்தைப் புரட்டும்போது தெரிவது நகலில் தெரியாது. அடித்து எழுதிய இடம், நடுவில் விட்ட வெற்றுப் பக்கம், ஒரே மையில் ஒரே நாளில் எழுதியதுபோல் இருக்கும் மூன்று மாதப் பதிவுகள் இவையெல்லாம் நேரில்தான் கண்ணில் படும்.

மறுப்பு எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கோப்பு கிடைக்கவில்லை' என்று வரலாம். 8-ஆவது பிரிவில் அப்படியொரு விலக்கு இல்லை. இருந்த ஆவணம் காணவில்லை என்றால் தேடிப் பார்த்து, தேவையானால் விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்பதே 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் சாரம். 'தனிநபர் தகவல்' என்று 8(1)(ஜே)-யைக் காட்டலாம். இங்கேதான் நிலம் கொஞ்சம் நழுவுகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவைத் திருத்தி, அதிலேயே இருந்த பொதுநலன் பற்றிய வரிகளை எடுத்துவிட்டது. இதனால் பயனாளி, ஒப்பந்தக்காரர் பெயர்களை மறைக்கும் போக்கு கூடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனாலும் பொதுநலன் மிகுந்தால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம் என்ற 8(2) அப்படியே இருக்கிறது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்ற 4(1)(பி)யும் இருக்கிறது. உங்கள் மனுவில் இந்த இரண்டையும் முன்கூட்டியே குறிப்பிடுங்கள். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை மட்டும் வேறு வகை. சட்டமன்றத்தில் வைக்கப்படுவதற்கு முன் அதைத் தர மறுக்க இடமுண்டு. உங்கள் ஊராட்சிக்கு என்று எழுதப்பட்ட தணிக்கை அறிக்கையை அதோடு குழப்பி மறுத்தால் ஏற்காதீர்கள்.

பதில் வரவில்லை அல்லது அரைகுறை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீரவில்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. ஆனால் ஆணையத்தில் வழக்கு எடுக்கப்படக் காத்திருக்க வேண்டும். தண்டமும் எல்லா வழக்கிலும் விதிக்கப்படுவதில்லை. நடைமுறையில் முதல் மேல்முறையீட்டிலேயே பல ஆவணங்கள் வெளியே வந்துவிடும், அதனால் அதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

இணையத்தில் ஊராட்சிக் கணக்குகளுக்கான மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள், உள்நுழைவு தேவையில்லை. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. ஊராட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுத் திட்டம், வரவு, பட்டுவாடா விவரங்கள் தெரியும். அங்கே முக்கியமாகத் தெரிவது மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி வரும் மானியத்தின் கணக்கு. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சொந்த வருவாயிலிருந்து செய்த செலவை அங்கே முழுமையாக எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு செய்தி உங்களுக்கு உதவும். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரைத்த 15-ஆவது நிதிக்குழு, முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கும் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருந்தால்தான் மானியம் என்று நிபந்தனை விதித்தது. அப்படியிருக்க, முடிந்த ஆண்டுகளின் கணக்கு இன்னும் ரகசியம் என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை.

கையில் காகிதம் வந்த பிறகு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்தது, 2022-இல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறாகியிருக்கிறது. கிராம சபைக்கான அரசின் வழிகாட்டுதலில், ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கான படிவம் 30-இன் சுருக்கத்தைச் சபையில் வைக்க வேண்டும், வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி பலகையிலோ பேனரிலோ எழுத வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பேனர் இல்லை என்றால் 'படிவம் 30 எங்கே' என்று கேளுங்கள். பொதுவாக 'கணக்கு காட்டு' என்பதைவிடப் படிவத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும் குரலுக்கு மேடையில் இருப்பவர்கள் வேறு விதமாகத் திரும்புவார்கள்.

சபையில் சத்தம் போடுவதால் எதுவும் பதிவாகாது. உங்கள் கேள்வியை எழுத்தில் கொடுத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். 'இன்ன தேதி கிராம சபையில் இன்ன செலவின் வவுச்சர்கள் கேட்கப்பட்டன, முன்வைக்கப்படவில்லை' என்ற ஒற்றை வரி போதும். அது அடுத்த தணிக்கைக்கும் போகும், ஆட்சியரிடமும் காட்டலாம். வருகைக் கையெழுத்து விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். குறைவெண் வரம்பு உண்டு. ஐந்நூறு பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், பத்தாயிரத்துக்கு மேல் என்றால் 300 பேர். அந்த எண்ணிக்கையை நிரப்ப, நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் வேலையிடத்திலேயே கையெழுத்து வாங்கி, மேலே தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பக்கத்தின் மேல்பகுதி வெறுமையாக இருந்தால் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று உங்கள் தெருவில் சொல்லி வையுங்கள்.

சபையில் ஆவணத்தை உரக்கப் படிப்பதன் வலிமையை இந்த நாட்டுக்குக் காட்டியவர்கள் ராஜஸ்தானின் கிராமத்து உழைப்பாளிகள். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர் விவசாயிகள் அமைப்பு முதல் ஜன் சுன்வாயை, அதாவது மக்கள் விசாரணையை, நடத்தியது. வேலைப் பதிவேட்டில் இருந்த பெயர்களை ஊர் நடுவே படித்தார்கள். வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊர்க்காரர்களே எழுந்து சொன்னார்கள். அந்த இயக்கத்தின் கோரிக்கைதான் வளர்ந்து 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பெரிதும் வழிவகுத்தது. நம் மாநிலம் 1997-லேயே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்டது, ஆனால் விலக்குகள் மலிந்த சட்டம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கணக்கைத் தணிக்கை செய்ய முடியும் என்பதை நிரூபித்தது கோட் கிரானா.

'எங்கள் ஊரில் இப்போது தலைவரே இல்லை, தனி அலுவலர்தான்' என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, மன்றத்தின் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். மன்றம் கலைந்தாலும் கிராம சபை கலைவதில்லை, ஏனென்றால் அது வாக்காளர்களால் ஆனது. தனி அலுவலர் காலத்துச் செலவுக்கும் வவுச்சர் உண்டு, தணிக்கை உண்டு, தகவல் சட்டம் உண்டு. சொல்லப்போனால் இந்தக் காலத்துக் கணக்கைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எதிர்த்துக் கேட்க வார்டு உறுப்பினர் இல்லை, தலைவரோடு சேர்ந்து கையெழுத்திடும் துணைத் தலைவரும் இல்லை. முன்னாள் தலைவர் காலத்துப் பதிவேடுகள் முறைப்படி ஒப்படைக்கப்பட்டனவா என்பதற்கான ஒப்படைப்புப் பட்டியலையும் உங்கள் மனுவில் கேளுங்கள்.

இனி, நான் சொல்ல முடியாதவை. உங்கள் ஊரில் முறைகேடு நடந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது. கோடையில் மோட்டார் நின்றுபோய், விலைப்புள்ளி வாங்க நேரமில்லாமல் அவசரமாகச் சரிசெய்த செலவும் விதிமீறல் போலவே தணிக்கையில் தெரியும். விதி தவறியதும் பணம் திருடியதும் ஒன்றல்ல, இரண்டில் எது என்ற முடிவைக் காகிதம் கையில் வரும்வரை ஒத்தி வையுங்கள். யாருடைய பெயரையும் சொல்லிச் சமூக ஊடகத்தில் பதிவு போடாதீர்கள். கிராம சபைத் தீர்மானம் எல்லா விஷயத்திலும் அலுவலர்களைக் கட்டுப்படுத்துமா என்பதும் ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடியதல்ல. ஊராட்சியின் அதிகாரத்துக்குள் இருப்பதற்கு அதன் எடை அதிகம், வெளியே உள்ளதற்குக் கோரிக்கை அளவில்தான் நிற்கும். பதவியில் இருக்கும் தலைவரை நீக்க ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் ஆட்சியருக்கு வழி உண்டு. நோட்டீஸ், விளக்கம், வட்டாட்சியர் கூட்டும் கூட்டம் என்று படிகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போவதாக இருந்தால் வழக்கறிஞரோடு பேசாமல் போக வேண்டாம்.

பாதுகாப்பையும் நினைத்துப் பாருங்கள். தகவல் கேட்டதற்காக அடிபட்டவர்களும் உயிரை இழந்தவர்களும் இந்த நாட்டில் உண்டு. ஒருவரே எல்லாவற்றையும் கேட்டால் அவர்மேல் கண் விழும். நாலைந்து பேர் ஆளுக்கொரு வகைச் செலவைக் கேட்டு மனுப் போடுங்கள், பெண்கள் சுய உதவிக் குழுவினர் சேர்ந்தால் இன்னும் நல்லது. வீட்டு முகவரி தர அச்சமாக இருந்தால் தபால் பெட்டி எண் போதும் என்பதை 2013-இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது போய்ச் சேர்ந்த தேதியிலிருந்துதான் உங்கள் 30 நாளை எண்ண வேண்டும்.